ரத்தத் தட்டணுவுக்குள் புரதம் எங்கே? தங்கத் துகள் எலக்ட்ரான் நுண்ணோக்கி முறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனிதத் தட்டணுக்களில் ஒரு புரதம் எந்த அறைக்குள் இருக்கிறது என்று எதிர்ப்பொருளும் தங்கத் துகளும் கொண்டு கண்டறிய விரும்பும் ஆய்வு மாணவர்களுக்கும் ஆய்வகப் பணியாளர்களுக்கும் எழுதப்பட்டது. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது. அதனால் மரபணுவை உள்ளே செலுத்தி, ஒளிரும் வால் ஒட்டிய புரதத்தை அதற்குள்ளேயே உண்டாக்கிப் பார்க்க முடியாது. எதிர்ப்பொருளை நம்பித்தான் தேட வேண்டும். எதிர்ப்பொருள் புரதத்தில் ஒட்டும், அதைப் பற்றும் தங்கத் துகள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கரும்புள்ளியாகத் தெரியும்.

ஒளிர் நுண்ணோக்கி போதாதா?

தட்டணுவின் குறுக்களவு 2 முதல் 3 மைக்ரோமீட்டர். அதற்குள் 50 முதல் 80 ஆல்ஃபா குருணைகள் (புரதங்களைச் சேமிக்கும் சவ்வுப் பைகள்) நெருக்கியடித்துக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் 200 முதல் 500 நானோமீட்டர். சாதாரண ஒளி நுண்ணோக்கியால் ஏறத்தாழ 200 நானோமீட்டருக்குக் குறைவான இடைவெளியைப் பிரித்துக் காட்ட முடியாது. செங்குத்துத் திசையில் நிலைமை இன்னும் மோசம். இரு புரதங்களைக் காட்டும் பச்சையும் சிவப்பும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால், இரண்டும் ஒரே குருணையில் இருக்கின்றனவா, ஒட்டி நிற்கும் இரு குருணைகளில் இருக்கின்றனவா என்று சொல்ல வழியில்லை. குருணையின் சவ்வையும் உள்ளமைப்பையும் எலக்ட்ரான் நுண்ணோக்கி கண்ணுக்குக் காட்டுகிறது.

ஆனாலும் ஒளிர் நுண்ணோக்கியை ஒதுக்கிவிடாதீர்கள். ஆல்டிஹைடால் நிலைப்படுத்திய தட்டணுவில் உங்கள் எதிர்ப்பொருள் ஒட்டுகிறதா என்று முதலில் அதில்தான் சோதிக்க வேண்டும். அங்கே ஒட்டாதது தங்கத்திலும் பெரும்பாலும் ஒட்டாது.

உள்ளே எந்தெந்த அறைகளை அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும்?

ஆல்ஃபா குருணையில் நடுவில் அடர்ந்த பகுதியும் ஓரத்தில் வெளிறிய பகுதியும் உண்டு. பிளேட்லெட் ஃபேக்டர் 4, பீட்டா த்ராம்போகுளோபுலின் ஆகியவை அடர்ந்த பகுதியில் இருக்கும். வான் வில்லிபிராண்ட் காரணி ஓரத்து வெளிறிய பகுதியில், நுண்குழாய் போன்ற அமைப்புகளோடு காணப்படும். இந்த ஓர அமைவை 1985-ல் எலிசபெத் கிராமர் குழுவினர் தங்கத் துகள் கொண்டு காட்டினர். பி-செலக்டின் குருணைச் சவ்வில் இருக்கும்.

அடர் குருணைகள் ஒரு தட்டணுவுக்கு 3 முதல் 8 வரைதான். கால்சியம், செரட்டோனின், ADP, ATP, பாலிபாஸ்பேட் ஆகியவை அங்கே. லைசோசோம்கள் ஒன்றிரண்டு. மைட்டோகாண்ட்ரியா சில. இவற்றோடு இரண்டு சவ்வு வலைகள்: வெளிச்சவ்வோடு தொடர்ச்சியான திறந்த கால்வாய் அமைப்பு, எண்டோபிளாச வலையின் எச்சமான அடர் குழல் அமைப்பு. விளிம்பை ஒட்டி நுண்குழல் வளையம், வெட்டுமுகத்தில் 8 முதல் 12 வட்டங்களாகத் தெரியும். அந்த வளையம் இருக்கிறதா என்பதே தட்டணு ஓய்வு நிலையில் நிலைப்பட்டதா என்பதற்கு முதல் சான்று.

எந்த முறையில் தொடங்கலாம்?

டோக்குயாசு முறையில். கலிஃபோர்னியாவில் கியோத்தேரு டோக்குயாசு 1973-ல் வெளியிட்ட உறைசீவல் முறை இது. மாதிரியைச் சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்து, உறையவைத்து, சீவி, அறை வெப்பத்தில் இளக்கிய பிறகுதான் எதிர்ப்பொருளைச் சேர்க்கிறோம். பிசினோ ஆல்கஹாலோ ஆஸ்மியமோ புரதத்தைத் தொடுவதற்கு முன்பே குறியிடல் முடிந்துவிடும். எபாக்சிப் பிசினில் பதித்த பழைய மாதிரிகளில் வடிவம் அழகாக இருக்கும், ஆன்டிஜென் (எதிர்ப்பொருள் பற்ற வேண்டிய புரதம்) பெரும்பாலும் அழிந்திருக்கும். உயர் அழுத்தத்தில் உறையவைத்து, குளிரிலேயே நீர் நீக்கி, லோவிக்ரில் பிசினில் பதிப்பது நல்ல மாற்று வழி. சவ்வுகள் நேர்த்தியாக இருக்கும். ஆனால் கருவியும் நாட்களும் கூடுதலாகத் தேவை, குறியும் பொதுவாகக் குறைவு.

ரத்தம் எடுப்பதில் என்ன கவனம் வேண்டும்?

கெட்டுப்போகும் மாதிரிகளில் பெரும்பாலானவை இந்தக் கட்டத்திலேயே கெடுகின்றன. நுண்ணோக்கிக்கு முன் அமரும்போதுதான் அது தெரியவரும்.

21 கேஜ் ஊசி போதும். முதல் 2–3 மில்லிலிட்டரை ஒதுக்கிவிடுங்கள். ஊசி குத்திய காயத்தில் உண்டான, தட்டணுவைத் தூண்டும் த்ராம்பின் அதில் இருக்கும். 3.2 சதவீத சோடியம் சிட்ரேட் ஒரு பங்குக்கு ரத்தம் ஒன்பது பங்கு. ஈடிடிஏ குழாய் வேண்டாம். தட்டணு உருண்டையாகிறது, கால்சியம் இல்லாத நிலையில் ஆல்ஃபா-2பி பீட்டா-3 இன்டெக்ரின் என்ற சவ்வுப் புரதத்தின் இரு சங்கிலிகளும் 37 டிகிரியில் பிரிந்தும் போகின்றன. பனிக்கட்டியில் வைப்பதும் கூடாது. குளிரில் நுண்குழல் வளையம் கலைந்து தட்டு உருண்டையாகி முட்கள் நீட்டும்.

மையவிலக்கியில் 200 மடங்கு புவியீர்ப்பில் 15 நிமிடம், அறை வெப்பத்தில், பிரேக் போடாமல் சுழற்றுங்கள். மேலே நிற்கும் தட்டணு நிறைந்த பிளாஸ்மாவில் மேல் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் அகன்ற முனைப் பிப்பெட்டால் எடுங்கள். 37 டிகிரியில் 15 முதல் 30 நிமிடம் ஓய்வு கொடுங்கள். தட்டணுவைக் கழுவ வேண்டியிருந்தால், பி.எச். 6.5-ல் அமில-சிட்ரேட்-டெக்ஸ்ட்ரோஸும் 1 மைக்ரோமோலார் புரோஸ்டாகிளாண்டின் இ1-உம் சேர்த்த பிறகே சுழற்றுங்கள். அதே மாதிரியில் ஒரு துளியை எடுத்து வெளிச்சவ்வுப் பி-செலக்டினை ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பார்த்துவிடுவது நல்லது. அங்கே தட்டணுக்கள் தூண்டப்பட்டிருப்பது தெரிந்தால் அந்த மாதிரியைத் தொடர வேண்டாம்.

நிலைப்படுத்தும் கரைசலின் அளவுகள் என்ன?

இறுதி அளவு: 2 சதவீத பாராஃபார்மால்டிஹைடு, 0.2 சதவீத குளூட்டரால்டிஹைடு. பஃபர் 0.1 மோலார் பாஸ்பேட்டாகவோ, 60 மில்லிமோலார் பைப்ஸ், 25 ஹெப்பஸ், 10 ஈஜிடிஏ, 2 மக்னீசியம் குளோரைடு, பி.எச். 6.9 என்ற கலவையாகவோ இருக்கலாம். இரண்டாவது நுண்குழல்களை நன்றாகக் காக்கும்.

இரட்டைச் செறிவில் தயாரித்து, 37 டிகிரிக்குச் சூடாக்கி, தட்டணுப் பிளாஸ்மாவோடு சம அளவில் ஒரேயடியாகச் சேர்த்து மெதுவாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். முதலில் சுழற்றி வண்டலாக்கிவிட்டுப் பிறகு நிலைப்படுத்துவது தவறு. வண்டலில் நெருக்கப்பட்ட தட்டணுக்கள் தூண்டப்பட்டுவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. பிளாஸ்மாவில் லிட்டருக்கு சுமார் 70 கிராம் புரதம் இருப்பதால் ஆல்டிஹைடின் ஒரு பகுதியை அதுவே தின்றுவிடும். ஆகவே 10 நிமிடம் கழித்துச் சுழற்றி, வண்டலைப் புதிய நிலைப்படுத்தியில் மீண்டும் கலக்கி, மொத்தம் 2 மணி நேரம் அறை வெப்பத்தில் வையுங்கள்.

பாராஃபார்மால்டிஹைடைப் பொடியிலிருந்து அன்றே கரைத்துக்கொள்ளுங்கள்: 60 டிகிரி நீர், ஓரிரு சொட்டு சோடியம் ஹைட்ராக்சைடு. குளூட்டரால்டிஹைடு உங்கள் ஆன்டிஜெனை மறைத்தால் அதை விட்டுவிட்டு, 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் 4 டிகிரியில் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். இந்த 4 டிகிரிக்குப் போவதற்கு முன் முதல் ஒரு மணி நேரமாவது வெதுவெதுப்பில் நிலைப்பட்டிருக்க வேண்டும்.

கட்டை செய்வது எப்படி?

நிலைப்பட்ட வண்டலை 0.15 சதவீத கிளைசின் கலந்த பாஸ்பேட் உப்புக் கரைசலில் கழுவுங்கள். வினைபுரியாமல் எஞ்சிய ஆல்டிஹைடு முனைகளைக் கிளைசின் அடைக்கும். இதைத் தவறவிட்டால் பின்னால் எதிர்ப்பொருள் கண்ட இடத்திலெல்லாம் ஒட்டும். பிறகு 37 டிகிரியில் 12 சதவீத ஜெலட்டினில் கலக்கி, சுழற்றி வண்டலாக்கி, பனிக்கட்டியில் இறுக விடுங்கள். குளிர் அறையில் 1 மில்லிமீட்டருக்கும் சிறிய கனசதுரங்களாக வெட்டி, 2.3 மோலார் சுக்ரோஸில் 4 டிகிரியில் இரவு முழுவதும் சுழல விடுங்கள்.

சுக்ரோஸ் 100 மில்லிலிட்டருக்கு 78.7 கிராம். இத்தனை சர்க்கரை தானே பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால் 50 மில்லிலிட்டர் பஃபரில் தொடங்கிக் கரைத்து, கடைசியில் அளவைச் சரிசெய்யுங்கள். கட்டை அடியில் மூழ்கினால் சர்க்கரை ஊறிவிட்டது. மிதந்தால் காத்திருங்கள். ஊறாத கட்டையில் பனிப்படிகம் உண்டாகி, படத்தில் தட்டணு முழுவதும் பொத்தல் பொத்தலாகத் தெரியும்.

கட்டையை அலுமினிய முளையில் வைத்து, ஓரத்துச் சர்க்கரையை வடிதாளால் ஒற்றி எடுத்துவிட்டு, திரவ நைட்ரஜனில் அமிழ்த்துங்கள்.

சீவல்கள் நொறுங்குகின்றன, அல்லது சுருங்கி ஒட்டுகின்றன. ஏன்?

கட்டையைச் செதுக்க மைனஸ் 80 முதல் 100 டிகிரி, சீவ மைனஸ் 120 டிகிரி, தடிமன் 50 முதல் 70 நானோமீட்டர், வைரக் கத்தி. நொறுங்கினாலோ சுருண்டாலோ சீவும் கருவியின் அறையில் குளிர் மிகுதி, அல்லது சர்க்கரை போதவில்லை. சுருங்கிக் கத்தி விளிம்பில் அப்பினால் வெப்பம் மிகுதி. 5 டிகிரி மாற்றினாலே வித்தியாசம் தெரியும். சீவல் பறந்துபோனால் நிலைமின்னூட்டம்தான் காரணம். அயனியாக்கியைக் கத்திக்கு அருகே திருப்புங்கள்.

சீவலைக் கம்பி வளையத்தில் தொங்கும் துளியால் எடுக்கிறோம். வெறும் சுக்ரோஸ் துளியில் சீவல் இளகும்போது மேற்பரப்பு இழுவிசையால் அளவுக்கு மீறி விரிந்து சவ்வுகள் கிழியும். 2 சதவீத மெத்தில் செல்லுலோஸையும் 2.3 மோலார் சுக்ரோஸையும் சம அளவில் கலந்தால் இது பெரிதும் குறையும். லியோ, கோய்சே, ஸ்லோட் மூவரும் 1996-ல் தந்த இந்த மாற்றம் தட்டணு போன்ற சவ்வு நிறைந்த செல்லுக்குப் பெரிய வரம். மெத்தில் செல்லுலோஸ் சூட்டில் கரையாது. 90 டிகிரி நீரில் பொடியைத் தூவிக் கலைத்து, உடனே குளிர்வித்து, குளிர் அறையில் சில நாள் கலக்கி, அதிவேக மையவிலக்கியில் கசடு நீக்குங்கள்.

குறியிடலின் படிகள்?

கிரிட்டின் (சீவலைத் தாங்கும் சிறு உலோக வலை) சீவல் பக்கம் கீழே இருக்கும்படி துளிகளின்மேல் மிதக்கவிட வேண்டும். பின்பக்கம் நனையக் கூடாது. முதலில் 37 டிகிரியில் 2 சதவீத ஜெலட்டின் தட்டில் 30 நிமிடம். சீவலைச் சுற்றியிருந்த ஜெலட்டின் உருகிப் போகும். அடுத்து 20 மில்லிமோலார் கிளைசினில் ஐந்து முறை, 1 சதவீத மாட்டு ஆல்புமினில் 5 நிமிடம். முதல் எதிர்ப்பொருள் 30 முதல் 60 நிமிடம், ஒரு கிரிட்டுக்கு 5 மைக்ரோலிட்டர் போதும். 0.1 சதவீத ஆல்புமினில் ஐந்து முறை கழுவி, 10 நானோமீட்டர் புரோட்டீன் ஏ தங்கத்தில் (எதிர்ப்பொருளைப் பற்றும் பாக்டீரியப் புரதம் பூசிய தங்கத் துகள்) 20 நிமிடம். மீண்டும் கழுவி, 1 சதவீத குளூட்டரால்டிஹைடில் 5 நிமிடம் நிலைப்படுத்துங்கள்.

இதற்கு மேல் வடிநீரில் குறைந்தது எட்டு முறை கழுவ வேண்டும். பாஸ்பேட் எஞ்சியிருந்தால் யுரேனைல் உப்போடு சேர்ந்து கரும்புள்ளிகளாக வீழ்படியும். அனுபவமில்லாத கண்ணுக்கு அவை தங்கம் போலவே தெரியும். பிறகு பி.எச். 7-ல் யுரேனைல் ஆக்சலேட் 5 நிமிடம். கடைசியாகப் பனிக்கட்டிமேல், 2 சதவீத மெத்தில் செல்லுலோஸ் ஒன்பது பங்கும் 4 சதவீத யுரேனைல் அசிட்டேட் ஒரு பங்கும் கலந்த கரைசலில் 10 நிமிடம். வளையத்தால் எடுத்து, மிகுதியை வடிதாளில் இழுத்து உலர்த்துங்கள். படலம் தடித்தால் படம் இருண்டு மாறுபாடின்றி இருக்கும், மெலிந்தால் உலரும்போது சவ்வுகள் சிதையும். இந்த ஒரு கை அசைவுக்குப் பழக்கம் தேவை. வேண்டாத சீவல்களில் பயின்றுகொள்ளுங்கள்.

புரோட்டீன் ஏ எல்லா எதிர்ப்பொருளிலும் ஒட்டுமா?

முயல் எதிர்ப்பொருளில் நன்றாக ஒட்டும். சுண்டெலி ஐஜிஜி1 (ஐஜிஜி என்பது ரத்தத்தில் மிகுதியாக உள்ள எதிர்ப்பொருள் வகை), ஆடு, கோழி ஆகியவற்றில் மிகவும் குறைவு, அல்லது இல்லவே இல்லை. அவற்றுக்கு நடுவே முயலில் உண்டாக்கிய இணைப்பு எதிர்ப்பொருள் ஒன்று வேண்டும்.

தட்டணுவுக்கே உரிய ஒரு பொறி இங்கே இருக்கிறது. ஆல்ஃபா குருணைகள் பிளாஸ்மாவிலிருந்து ஐஜிஜியை உள்வாங்கிச் சேமிக்கின்றன. புரோட்டீன் ஏ மனித ஐஜிஜியிலும் ஒட்டும். அதாவது முதல் எதிர்ப்பொருளே இல்லாமல் ஆல்ஃபா குருணையில் தங்கம் விழலாம், பார்ப்பதற்கு அழகான, நம்பத்தகுந்த முடிவு போலவே இருக்கும். ஆகவே முதல் எதிர்ப்பொருளை விட்டுவிட்டு, புரோட்டீன் ஏ தங்கம் மட்டும் இட்ட கிரிட் ஒவ்வொரு முறையும் கட்டாயம். அதில் தங்கம் தெரிந்தால், மனித ஐஜிஜியோடு ஒட்டாதபடி வடித்தெடுத்த, தங்கம் இணைத்த இரண்டாம் எதிர்ப்பொருளுக்கு மாறுங்கள்.

தங்கம் விழுந்த இடத்திலேயே புரதம் இருக்கிறதா?

அருகில் இருக்கிறது. எதிர்ப்பொருளும் புரோட்டீன் ஏ-யும் சேர்ந்து 15 முதல் 20 நானோமீட்டர் வரை தள்ளி நிற்கலாம். இணைப்பு எதிர்ப்பொருளும் சேர்ந்தால் இன்னும் கூடுதல். சவ்வின் உள்பக்கமா வெளிப்பக்கமா என்று ஒற்றைத் துகளை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. நூற்றுக்கணக்கான துகள்களின் தூரத்தை அளந்து பரவலைப் பார்த்தால் சொல்லலாம்.

எந்த ஒப்பீட்டு மாதிரிகள் நம்பகமானவை?

புரதமே இல்லாத தட்டணுதான் சிறந்த சான்று. கிளான்ஸ்மன் நோயின் முதல் வகையில் ஆல்ஃபா-2பி பீட்டா-3 இன்டெக்ரின் 5 சதவீதத்துக்கும் குறைவு. மூன்றாம் வகை வான் வில்லிபிராண்ட் நோயில் அந்தக் காரணி தட்டணுவிலும் இல்லை. மரபணு நீக்கிய சுண்டெலியும் உதவும், எதிர்ப்பொருள் சுண்டெலிப் புரதத்தில் ஒட்டுவதாக இருந்தால்.

சாம்பல் தட்டணு நோயைப் பயன்படுத்தும்போது யோசித்துப் பயன்படுத்துங்கள். என்பீல்2 மரபணுக் கோளாறால் வருவது என்று 2011-ல் தெரியவந்த இந்த நோயில் குருணையின் கரைந்த சரக்குகள் குறைந்துபோகின்றன, ஆனால் பி-செலக்டின் வெறுமையான குருணைச் சவ்வுகளில் இருக்கும். ஃபைப்ரினோஜெனுக்கும் ஒரு திருப்பம் உண்டு. தட்டணுவின் தாய்ச்செல் அதைத் தயாரிப்பதில்லை. பிளாஸ்மாவிலிருந்து இன்டெக்ரின் வழியாக உள்ளிழுக்கிறது. எனவே கிளான்ஸ்மன் தட்டணுவில் இன்டெக்ரினோடு குருணை ஃபைப்ரினோஜெனும் குறையும்.

எண்ணுவது எப்படி? பின்னணியை எங்கே அளப்பது?

குறி நன்றாகத் தெரியும் தட்டணுவைத் தேடிப்பிடித்துப் படமெடுப்பதை விட்டுவிடுங்கள். கிரிட்டில் முன்கூட்டியே தீர்மானித்த இடைவெளியில் நகர்ந்து, வரும் தட்டணுவை எடுங்கள். ஒவ்வோர் அறையின் பரப்பையும் புள்ளிக் கட்டம் வைத்து மதிப்பிட்டு, சதுர மைக்ரோமீட்டருக்கு எத்தனை துகள் என்று கணக்கிடுங்கள். மற்ற செல்களில் பின்னணியை உட்கருவில் அளப்பார்கள். தட்டணுவில் அது இல்லாததால் மைட்டோகாண்ட்ரியாவும், தட்டணுவுக்கு வெளியேயான வெற்றிடமும்தான் அளவுகோல்.

ஒரு குருணையில் குறி இல்லை என்றால் அதில் அந்தப் புரதம் இல்லை என்று சொல்லலாமா?

கூடாது. இதை ஒரு கணக்கோடு பார்ப்போம். 300 நானோமீட்டர் குருணையில் ஒரு புரதத்தின் 10 மூலக்கூறுகள் இருப்பதாக வையுங்கள். 60 நானோமீட்டர் சீவலில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது சராசரி 2 மூலக்கூறு வரும். எதிர்ப்பொருள் பெரும்பாலும் சீவலின் மேற்பரப்பையே எட்டும். குறியிடல் திறன் 10 சதவீதம் என்றால் சராசரி 0.2 துகள். எல்லாக் குருணைகளிலும் புரதம் இருந்தாலும், 100 குருணை வெட்டுமுகங்களில் சுமார் 18-ல்தான் தங்கம் தெரியும். இரண்டு புரதங்கள் இதே அளவில் எல்லாக் குருணைகளிலும் ஒன்றாக இருந்தாலும், இரு தங்கமும் சேர்ந்து தெரிவது 100-ல் 3 மட்டுமே. படத்தைப் பார்ப்பவர் ‘இவை வெவ்வேறு குருணைகளில் இருக்கின்றன’ என்று எழுதிவிடுவார்.

தட்டணு ஆய்வில் இது வெறும் கணக்குப் பயிற்சி அல்ல. ரத்தக் குழாய் வளர்ச்சியைத் தூண்டும் விஇஜிஎஃப் ஒருவகைக் குருணையிலும், அதைத் தடுக்கும் எண்டோஸ்டாட்டின் வேறு குருணையிலும் இருப்பதாக 2008-ல் இத்தாலியானோ குழு எழுதியது. 2011-ல் கமிகோவ்ஸ்கி, ஸ்டோரி குழு பல புரதங்களை அளவிட்டு, வேலையின் அடிப்படையில் அப்படி வகைபிரிந்த அடைப்பு தெரியவில்லை என்றது. இடையில் 2010-ல் உட்ரெக்ட் குழு முப்பரிமாண டோமோகிராபியில் குழாய் வடிவ ஆல்ஃபா குருணைகளையும் காட்டியது. அத்தகைய குழாயைக் குறுக்காக வெட்டினால் சிறு உருண்டை போல் தெரியும். இந்த விவாதத்தில் எந்தப் பக்கம் நின்றாலும், மேலே சொன்ன எதிர்பார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, அதைவிடக் குறைவாகவே இணைக்குறி இருக்கிறது என்று காட்டாதவரை ‘தனித்தனி’ என்ற முடிவை ஏற்க முடியாது.

இரட்டைக் குறியிடலில் இரண்டாவது தங்கம் முதல் எதிர்ப்பொருளில் ஒட்டிக்கொள்ளாதா?

ஒட்டும், தடுக்காவிட்டால். முதல் தங்கத்துக்குப் பிறகு 1 சதவீத குளூட்டரால்டிஹைடில் 5 நிமிடமும் கிளைசினும் கட்டாயம். 10, 15 நானோமீட்டர் துகள்கள் கண்ணுக்கு நன்றாகப் பிரியும். பெரிய துகள் எப்போதும் குறைவாகவே ஒட்டும். ஆகவே அளவுகளை மாற்றி ஒரு முறை செய்து பாருங்கள். இரண்டாவது எதிர்ப்பொருளை மட்டும் விட்டுவிட்ட கிரிட்டில் இரண்டாவது அளவுத் தங்கம் தெரியவே கூடாது.

பிளாஸ்மாவிலும் இருக்கும் புரதத்தை எப்படித் தீர்ப்பது?

ஆல்புமின், ஃபைப்ரினோஜென், ஐஜிஜி எல்லாம் இந்தச் சிக்கலில் வரும். திறந்த கால்வாய் வெளியோடு தொடர்புடையது. வெட்டுமுகத்தில் தனிக் குமிழி போலத் தெரியும் கால்வாயில் பிளாஸ்மாப் புரதம் இருந்தால், குருணை என்று எண்ணிவிடுவோம். தட்டணுவைக் கழுவியபின் நிலைப்படுத்துவது ஒரு வழி. பி-செலக்டினை இன்னோர் அளவுத் தங்கத்தால் குறியிட்டு, ஓய்வுத் தட்டணுவில் அது உள்ள சவ்வையே ஆல்ஃபா குருணை என்று கொள்வது இன்னும் உறுதியானது. தூண்டப்பட்ட தட்டணுவில் இது செல்லாது. பி-செலக்டின் அப்போது வெளிச்சவ்வுக்கும் கால்வாய்க்கும் போய்விடும் என்பதை 1985-ல் ஸ்டென்பர்க் குழு காட்டியது.

அடர் குருணை மட்டும் ஏன் கிடைப்பதில்லை?

எண்ணிக்கை குறைவு. கூடவே நீர்க்கரைசல்களில் கழுவும்போது அதன் அடர்ந்த சரக்கு கரைந்தோ உதிர்ந்தோ போய் வெறும் குழியாக நிற்கலாம். சிடி63 என்ற சவ்வுப் புரதத்தை அடையாளமாக வைத்தால் அது லைசோசோமிலும் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. குருணைகளின் எண்ணிக்கை மட்டும் தேவையென்றால் சீவலே வேண்டாம். முழுத் தட்டணுவைச் சாயமின்றிக் கிரிட்டில் காற்றில் உலர்த்திப் பாருங்கள். கால்சியத்தின் அடர்த்தியால் அவை தாமாகவே கருமையாகத் தெரியும். அடர் குருணைகள் இல்லாத ஹெர்மன்ஸ்கி-புட்லாக் நோயைக் கண்டறிவதும் இப்படித்தான்.

மிஞ்சிய மாதிரிகளை வைத்திருக்கலாமா?

முளையில் ஏற்றிய கட்டைகளைத் திரவ நைட்ரஜனில் பல ஆண்டுகள் வைக்கலாம். சீவல் எடுத்த கிரிட்டுகளை அந்த மெத்தில் செல்லுலோஸ்-சுக்ரோஸ் துளியோடு, உலராமல், 4 டிகிரியில் சில மாதங்கள் வைக்கலாம். நிலைப்பட்ட வண்டலை உடனே பதிக்க முடியாவிட்டால் 1 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் 4 டிகிரியில் சில நாட்கள் தாங்கும். யுரேனைல் உப்புக் கழிவு கதிரியக்கமும் நச்சும் உள்ளது. தொட்டியில் ஊற்றாமல் தனிக் கலனில் சேர்த்து, உங்கள் நிறுவனத்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிடம் ஒப்படையுங்கள்.